கொல்லைப் பூச்சிகளும் வீட்டுப் பூச்சிகளும்: இனமறிந்து பரிகாரம் செய்யும் முறை

புதுவை நகரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக வடக்கே காலாப்பட்டுக்குச் செல்வோர், கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் முதலிய தமிழ்நாட்டு ஊர்களைக் கடந்த பின்னரே மீண்டும் புதுவை எல்லைக்குள் புகுதல் வேண்டும். பிரெஞ்சுக்காரர் காலத்தில் ஏற்பட்ட இவ்வெல்லை, 1954ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி ஆட்சி கைமாறிய பின்னும் மாறாமல் இருந்து வருகிறது. வரியும் பத்திரமும் மானியமும் எல்லைக்கு இப்பால் ஒருவிதம், அப்பால் வேறுவிதம். பூச்சிகளுக்கோ இந்தப் பேதம் கிடையாது. ஒரு தோப்பின் எருக்குழியில் வளர்ந்த வண்டு இரவில் பறந்து அடுத்த மாநிலத்துத் தென்னையின் குருத்தைத் துளைக்கும். ஆகையால் பூச்சி விஷயத்தில் ஒருவர் தம் வேலிக்குள் மட்டும் ஜாக்கிரதையாக இருந்தால் போதாது.

காலாப்பட்டு, பிள்ளைச்சாவடி முதலிய கடலோர ஊர்களில் மணற்பாங்கான நிலமே மிகுதி. தென்னையும் சவுக்கும் முந்திரியும் இந்நிலத்துக்கு உகந்தவை. வீட்டுக்குப் பின்புறமுள்ள கொல்லையில் பப்பாளி, முருங்கை, கறிவேப்பிலை, கத்தரி, அவரை ஆகியவை இல்லாத குடும்பம் அரிது. தோப்பும் கொல்லையும் வீடும் ஒன்றையொன்று ஒட்டியிருப்பதால் ஓரிடத்துப் பூச்சி மற்றோரிடத்துக்கு எளிதில் பரவுவதோடு, ஓரிடத்துக்கென்று வாங்கிய நஞ்சும் மற்றோரிடத்துக்குப் பரவிவிடுகிறது. தென்னைக்கு வாங்கிய புட்டியில் எஞ்சியது கத்தரிக்கும், கத்தரிக்குப் போக எஞ்சியது சமையலறைக் கரப்பானுக்கும் பயன்படுத்தப்படுவதை எங்கும் காணலாம்.

"பூச்சி விழுந்துவிட்டது, மருந்து வேண்டும்" என்று கேட்பதே வழக்கமாகிவிட்டது. எந்தப் பூச்சி, பயிரின் எவ்வுறுப்பில், முட்டையா புழுவா வண்டா என்பதை வாங்குவோர் சொல்வதுமில்லை, விற்போர் வினவுவதுமில்லை. பணம் செலவாகிறது. பூச்சி இருந்தபடியே இருக்கிறது. சில சமயங்களில் முன்னிலும் பெருகுகிறது. இதற்குக் காரணம் பெரும்பாலும் மருந்தின் குறையன்று. பூச்சி இன்னதென்று அறியாமையே.

பூச்சியைக் கண்ணாற் காணாவிடினும் அது செய்த சேதத்தைக் கொண்டு இனத்தை ஒருவாறு நிச்சயிக்கலாம். இலையில் ஓட்டையோ விளிம்பில் கடித்த குறியோ இருந்தால் அது கடித்துத் தின்னும் புழு, வண்டு, வெட்டுக்கிளி ஆகியவற்றின் வேலை. இலை கடிபடாமல் சுருண்டும் மஞ்சளித்தும், தொட்டால் பிசுபிசுப்பாகவும், மேலே கரி பூசினாற்போல் கறுத்தும் இருந்தால் அது சாறு உறிஞ்சும் பூச்சியால் நேர்ந்தது. மற்ற இலைகள் செழிப்பாயிருக்கக் குருத்து மட்டும் தலை சாய்ந்து வாடினாலும், காயில் சிறு துளையும் துளை வாயில் எச்சமும் இருந்தாலும், புழு உள்ளே குடியிருக்கிறது என்று அறியலாம். இம்மூன்றில் முதல் வகையின் மீதுதான் தெளித்த மருந்து நேரே படும். இரண்டாம் வகை இலையின் அடிப்புறத்தில், மெழுகுப் போர்வைக்குள் மறைந்திருக்கும். மூன்றாம் வகையைத் தெளிப்பு எட்டவே எட்டாது. இந்த ஒரு பேதத்தை மனத்தில் கொண்டாலே வீண் செலவில் பெரும்பகுதி நின்றுவிடும்.

தென்னையைத் தாக்கும் இரு வண்டுகள் இதற்கு நல்ல திருஷ்டாந்தம். இரண்டையும் "தென்னை வண்டு" என்றே பலர் சொல்லுகின்றனர். ஆயினும் இரண்டின் வாழ்க்கையும் நேர்மாறானது.

காண்டாமிருக வண்டு கறுப்பு நிறமுடையது. ஏறக்குறைய ஒன்றரை அங்குலத்துக்கு மேற்பட்ட நீளமுள்ளது. தலையில் பின்னோக்கி வளைந்த கொம்பு உண்டு, ஆணுக்கு அது நீண்டிருக்கும். வண்டு இரவில் பறந்து வந்து விரியாத குருத்தைத் துளைத்து உள்ளே சென்று சாற்றைக் குடிக்கும். துளை வாயில் மென்று துப்பிய நார் தள்ளியிருக்கும். குருத்து விரிந்து மட்டையானதும், கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தாற்போல் விசிறி வடிவமான வெட்டு ஓலையின் இரு பக்கங்களிலும் ஒரே அளவாய்க் காணப்படும். பாளையைத் துளைத்தால் அந்தப் பாளையின் காய்ப்பு நஷ்டமாகும். இளங்கன்றாயிருந்தால் கன்றே பட்டுப்போதலும் உண்டு. இவ்வளவும் செய்வது வளர்ந்த வண்டு மாத்திரமே. இதன் புழு தென்னையில் ஒருபோதும் வசிப்பதில்லை. அது எருக்குழியிலும், மக்கும் குப்பையிலும், விழுந்து உளுத்துப்போன தென்னங்கட்டையிலும் வளரும். தடித்து, வெண்மையாய், கொக்கிபோல் வளைந்து, பழுப்புத் தலையும் ஆறு கால்களும் உடைய அப்புழுவை எருவை வெட்டும்போது காணாத விவசாயி இரார். ஆனால் அதுவே சில மாதங்களில் தம் தென்னைக்கு எமனாகும் என்பதைப் பலர் நினைப்பதில்லை. மண்வெட்டியால் ஒதுக்கிவிட்டு எருவை அள்ளிச் செல்கின்றனர்.

சிவப்புக் கூன்வண்டு செம்பழுப்பு நிறமுடையது. தலை முன்னே நீண்டு மூக்குப்போல் வளைந்திருக்கும். இதில் சேதம் செய்வது வண்டன்று, புழு. வண்டு மரத்திலுள்ள காயங்களிலும் வெடிப்புகளிலும் முட்டையிடும். காலில்லாத வெண்புழு உள்ளே சோற்றைத் தின்றுகொண்டு செல்லும், கூட்டுப்புழுவாவதும் மரத்தினுள்ளேயே. வெளியில் சிறு துளையும், அதிலிருந்து கசியும் பழுப்பு நிறப் பிசினும், மென்ற நாருமே முதல் அடையாளங்கள். நடுக்குருத்து மஞ்சளித்துச் சாயும் நிலையில் மரத்தைக் காப்பாற்றுதல் அரிது. அதற்கு முன்னரே காதை மரத்தோடு ஒட்டிவைத்துக் கேட்டால், பல புழுக்கள் கடிக்கும் நறநறவென்ற ஓசை கேட்கும். ஐந்து முதல் இருபது வயதுக்குட்பட்ட மரங்களே அதிகமாய் இதற்கு இரையாகின்றன.

ஆகவே முதல் வண்டுக்குப் பரிகாரம் எருக்குழியில். இரண்டாவதற்குப் பரிகாரம் மரத்தில். காண்டாமிருக வண்டு பறந்து வந்துபோகும் மரத்தின்மேல் மருந்தைத் தெளித்துவிட்டுப் புழு வளரும் குழியைத் தொடாமல் விடுதல், ஓட்டை அடைக்காமல் ஓடத்து நீரை இறைப்பது போலாகும். எருக்குழியை இரண்டு மாதத்துக்கொருமுறை கிளறிப் புழுக்களைப் பொறுக்கிக் கோழிக்கு இட்டாலே வண்டின் தொகை வெகுவாய்க் குறையும். மெட்டாரைசியம் என்னும் பச்சைப் பூஞ்சாணத்தை எருவில் கலந்துவிட்டால் அது புழுக்களுக்கு நோயை உண்டாக்கிக் கொல்லும். மனிதருக்கும் மாட்டுக்கும் தீங்கில்லை. மரத்தில் வண்டு புகுந்த துளை தென்பட்டால் இரும்புக் கொக்கியை விட்டுக் குத்தி எடுத்துவிடலாம். வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்குக்கு மணல் இரண்டு பங்கு கலந்து, ஒரு மரத்துக்கு 150 கிராம் வீதம் உச்சியிலுள்ள மூன்று மட்டை இடுக்குகளில் இடுவது நல்ல காப்பு. ஆமணக்குப் பிண்ணாக்கு ஒரு கிலோவை ஐந்து லிட்டர் தண்ணீரில் ஊறவைத்துச் சிறு மண்பானைகளில் ஊற்றித் தோப்பில் வைத்தால் அந்த நாற்றத்துக்கு வண்டுகள் வந்து விழுந்து மடியும். இது செலவற்ற முறை. பக்குவமாய்ச் செய்வோர் சிலரே.

கூன்வண்டுக்கு முதற்காப்பு மரத்தைக் காயப்படுத்தாமை. பச்சை மட்டையை வெட்டும்போது அடியொட்டி வெட்டலாகாது. சுமார் நான்கடி மட்டையை மரத்தில் விட்டே வெட்டுதல் வேண்டும். மரமேற வசதிக்காக அடிமரத்தில் படி வெட்டும் வழக்கமும் இப்பூச்சிக்கு வாயில் திறந்து விடுவதே. மேலும் காண்டாமிருக வண்டு துளைத்த துளையிலேயே கூன்வண்டு முட்டையிடுவதால், முதல் வண்டை அடக்கினால் இரண்டாவதும் ஓரளவு அடங்கும். பெரோமோன் வாளிப்பொறிகள் இரு வண்டுகளுக்கும் தனித்தனியே கிடைக்கின்றன. ஒரு தோப்புக்காரர் மட்டும் பொறி வைத்தால் சுற்றுப்புறத்து வண்டுகளைத் தம்மிடம் வருவித்துக்கொள்ள நேரிடும். பல தோப்புக்காரர்கள் ஒருங்கே, தோப்புகளின் ஓரங்களில் வைத்தலே முறை.

2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் தேதி அடித்த தானே புயல் புதுவைக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்து தென்னை, முந்திரி, பலா மரங்களைத் திரள்திரளாய்ச் சாய்த்தது. இத்தகைய புயலுக்குப் பின் நட்ட ஈட்டுக் கணக்கு எடுப்பதில் காட்டும் அவசரத்தைச் சாய்ந்த கட்டைகளை அகற்றுவதிலும் கிராம அதிகாரிகள் காட்டுதல் நலம். புறம்போக்கில் உளுத்துக் கிடக்கும் ஒரு தென்னங்கட்டை நூற்றுக்கணக்கான வண்டுகளுக்குப் பிரசவ விடுதி. நின்ற மரங்களும் காயம்பட்டிருக்குமாதலால் கூன்வண்டுக்கும் அதுவே தருணம். கட்டைகளைப் பிளந்து எரித்தல் அல்லது சூளைக்கு அனுப்புதல் ஆகாத காரியமன்று.

1914ஆம் ஆண்டில் பிளெட்சர் துரை சென்னையில் வெளியிட்ட தென்னிந்தியப் பூச்சிகளைப் பற்றிய நூலிலும், 1940ஆம் ஆண்டில் டி. வி. ராமகிருஷ்ண அய்யர் வெளியிட்ட கைந்நூலிலும் காணப்படாத இரண்டு பூச்சிகள் இப்பொழுது கொல்லைகளில் உள்ளன. இரண்டும் மத்திய அமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்தவை. ஒன்று தென்னையின் சுருள் வெள்ளை ஈ. 2016ஆம் ஆண்டில் பொள்ளாச்சிப் பக்கத்தில் முதன்முதலாக இந்தியாவில் கண்டறியப்பட்டது. மற்றொன்று பப்பாளி மாவுப்பூச்சி. 2008ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் தோன்றியது. இரண்டாவதன் சரித்திரம் விவசாயிகள் அனைவரும் அறியத் தக்கது. அதை முதலிற் கூறுவோம்.

பப்பாளி மாவுப்பூச்சி உடல் மஞ்சள் நிறமானது. மேலே வெண்மையான மெழுகுத்தூள் மூடியிருக்கும். நசுக்கினால் மஞ்சள் நீர் கசியும். சாராயத்தில் இட்டு வைத்தால் உடல் நீலங்கலந்த கறுப்பாக மாறும். இவ்வடையாளத்தைக் கொண்டு மற்ற மாவுப்பூச்சிகளிலிருந்து இதைப் பிரித்தறியலாம். ஒரு பெண் பூச்சி பஞ்சுபோன்ற பையில் நூறு முதல் அறுநூறு வரை முட்டையிடும். பப்பாளிக் காயிலும் இலையடியிலும் சுண்ணாம்பு அப்பினாற்போல் அடையும். கழிவாய்ச் சொட்டும் இனிப்பு நீரில் கரும்பூசணம் படரும். எறும்புகள் அந்நீருக்காகப் பூச்சியைக் காவல் காக்கும். செம்பருத்தி, மரவள்ளி, மல்பெரி, பருத்தி, சாலையோரத்துப் பார்த்தீனியம் என்று இது தங்காத செடிகள் சொற்பம்.

2008ஆம் ஆண்டு முதல் இரண்டாண்டுக் காலம் கோயம்புத்தூர், ஈரோடு, திருப்பூர், சேலம் பக்கங்களில் இப்பூச்சி பெருநாசம் விளைவித்தது. பப்பாளித் தோட்டங்களையும் பட்டுப்புழுவுக்கு வளர்த்த மல்பெரித் தோட்டங்களையும் பலர் பிடுங்கி எறிந்தனர். கடையில் உள்ள மருந்துகளையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாய்த் தெளித்தார்கள். மெழுகுப் போர்வையின்மேல் மருந்து வழிந்தோடியது. இயற்கையில் அப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டுகளும் குளவிகளுமே மடிந்தன. வேலியோரத்துக் களைகளில் தப்பிய மாவுப்பூச்சி சில வாரங்களில் மீண்டும் தோட்டத்தை மூடிற்று.

வந்த நாட்டில் அப்பூச்சி ஏன் இவ்வளவு பெருகியது, பிறந்த நாட்டில் ஏன் பெருகவில்லை என்ற கேள்விதான் வழியைக் காட்டியது. பிறந்த நாட்டில் அதற்குச் சத்துருக்கள் உண்டு, இங்கே இல்லை. பெங்களூரிலுள்ள மத்திய அரசின் பூச்சி ஆராய்ச்சி நிலையத்தார் 2010ஆம் ஆண்டு ஜூலை மாதம் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து மூன்று வகைச் சிறு குளவிகளைத் தருவித்து, சோதனைகள் முடித்து, அக்டோபர் முதல் தமிழ்நாட்டில் விட்டனர். அவற்றுள் அசெரோபேகஸ் பப்பாயே என்னும் குளவி முதன்மையாய் நிலைத்தது. அது ஒரு மில்லிமீட்டர் நீளங்கூட இல்லாதது, மனிதரைக் கொட்டாது. மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். அதன் புழு பூச்சியை உள்ளிருந்தே தின்று தீர்க்கும். செத்த பூச்சி பழுப்பு நிறக் கூடாகும். அக்கூட்டில் வட்டத்துளை செய்துகொண்டு புதிய குளவி வெளிப்படும். சில மாதங்களுக்குள் மாவுப்பூச்சி அடங்கியது. இலங்கையிலும் அதே 2008ஆம் ஆண்டில் இப்பூச்சி புகுந்து, அதே குளவிகளாலேயே அடக்கப்பட்டது.

பூச்சியைப் பூச்சியைக் கொண்டு அடக்குவது நம் நாட்டுக்குப் புதிதுமன்று. சென்னை மாகாணத்தில் ஒரு காலத்தில் ஏக்கர் ஏக்கராய் நிலத்தை அடைத்துக்கொண்டிருந்த சப்பாத்திக்கள்ளி, 1926ஆம் ஆண்டில் இலங்கை வழியாகக் கொணரப்பட்ட ஒரு செஞ்சாயப் பூச்சியால் அழிந்தது. அப்பூச்சியும் மாவுப்பூச்சிக்கு உறவினமே. ஓரிடத்தில் சத்துருவாயிருக்கும் குலத்திலேயே மற்றோரிடத்தில் மித்திரன் கிடைப்பது கவனிக்கத் தக்கது.

ஆகவே காலாப்பட்டுக் கொல்லையில் ஒரு பப்பாளி மரத்தில் வெண்பூச்சு தென்பட்டால், உடனே தெளிப்பானைத் தூக்காமல், ஓர் இலையைப் பறித்து வெளிச்சத்தில் பார்த்தல் வேண்டும். துளையுள்ள பழுப்புக் கூடுகள் இடையிடையே காணப்பட்டால் குளவி வேலையைத் தொடங்கிவிட்டது என்று பொருள். அப்பொழுது மருந்து தெளிப்பது உதவிக்கு வந்தவனை அடித்து விரட்டுவதாகும். கூடுகள் இல்லையேல் கடுமையாய்ப் பற்றிய இலைகளை வெட்டி எரித்து, தண்ணீரை வேகமாய்ப் பீய்ச்சிப் பூச்சியை உதிர்த்து, மரத்தின் அடியில் எறும்பு ஏறாமல் தடுத்து, உழவர் உதவியகத்துக்கு அறிவித்தல் போதும். அவர்கள் மூலமாகக் குளவியைப் பெற முயலலாம்.

தென்னைச் சுருள் வெள்ளை ஈயின் விஷயமும் இதை ஒத்ததே. ஓலையின் அடியில் சுருள் சுருளாய் முட்டையிட்டு வெண்மெழுகால் மூடும். கீழ் ஓலைகளும், கீழேயுள்ள வாழையும், கிணற்றடியும் கரும்பூசணத்தால் கறுத்துப்போவதைக் கண்டு மரம் போய்விட்டதென்று அஞ்சுவோர் பலர். பார்வைக்குப் பயங்கரமாயினும் இதனால் மரம் செத்துப்போவதில்லை. ஓலையின் அடிப்புறத்தில் நீரைப் பீய்ச்சுதலும், விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் தாள்களைக் கட்டுதலும், கரும்பூசணத்தின்மேல் லிட்டருக்கு 25 கிராம் மைதா மாவைக் காய்ச்சிக் கரைத்துத் தெளித்தலும் செய்தால் போதுமானது. மாவு காய்ந்து உரியும்போது கரியும் கூடவே உரிந்து விழும். இதற்கும் என்கார்சியா என்ற குளவி உண்டு. அது யாரும் வருவிக்காமல் தானே வந்து சேர்ந்தது. குளவி தாக்கிய ஈக்கூடுகள் கறுத்திருக்கும். அத்தகைய ஓலைத் துண்டுகளை வெட்டி, குளவியில்லாத மரங்களில் கட்டினால் அங்கும் பரவும். நஞ்சு தெளித்த தோப்பில் இது நடவாது.

காய்கறிகளைப் பற்றிச் சுருக்கமாய்க் கூறலாம். கத்தரியில் குருத்து வாடித் தொங்கினால் உள்ளே இளஞ்சிவப்புப் புழு இருக்கும். அதுவே பின்னர் காயையும் துளைக்கும். வாடிய குருத்தை அன்றன்றே ஓரங்குலம் கீழே சேர்த்துக் கிள்ளி எரிப்பதும், துளைத்த காயைக் குப்பையில் போடாமல் ஆழப் புதைப்பதுமே பரிகாரம். குப்பையில் எறிந்த காயிலிருந்து அந்துப்பூச்சி வெளிப்பட்டு மறுபடி அதே பாத்திக்குத்தான் வரும். கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் பறவை எச்சம்போல் ஒட்டிக்கொண்டிருப்பது எச்சமன்று, வண்ணத்துப்பூச்சியின் புழு, கையால் எடுத்துவிடலாம். அவரைப் பூங்கொத்தில் கறுப்பாய் மொய்ப்பது அசுவினி. அதன் நடுவே முதலை வடிவில், சாம்பல் நிறத்தில் ஆரஞ்சுப் புள்ளிகளோடு ஊர்ந்து திரியும் சிறு புழுவைக் கண்டு பலர் நசுக்கிவிடுகின்றனர். அது அசுவினியைத் தின்னும் பொறிவண்டின் குழந்தை. இதற்கு மாறாகக் கத்தரி இலையில் காணும் மங்கிய செம்பழுப்பு நிறப் புள்ளிவண்டு, பொறிவண்டுபோல் தோன்றினும், பகையே. பொறிவண்டின் முதுகு பளபளக்கும். புள்ளிவண்டின் முதுகில் மெல்லிய மயிர் அடர்ந்து பளபளப்பிராது. புள்ளிவண்டின் புழு மஞ்சளாய், உடல் முழுவதும் முள்ளோடு, இலையின் பசுமையைச் சுரண்டி நரம்பை மட்டும் வலைபோல் விட்டுவிடும்.

கொல்லைக்கு ஏதேனும் தெளித்தே ஆகவேண்டுமென்றால் வேப்பங்கொட்டைச் சாறு போதும். உலர்ந்த வேப்பம்பருப்பு 50 கிராமை இடித்து, துணியில் முடிந்து, ஒரு லிட்டர் நீரில் இரவு முழுதும் ஊறவைத்து, பிழிந்து வடிகட்டி, சிறிது காதி சோப்புக் கரைத்து, மறுநாள் மாலை வெயில் தாழ்ந்தபின் இலையின் அடியும் நனையத் தெளித்தல் வேண்டும். காலை வெயிலில் தெளித்தாலும், இரண்டு நாள் வைத்திருந்து தெளித்தாலும் வீரியம் குன்றும். இது பூச்சியை உடனே விழச் செய்வதில்லை. தின்னாமலும் வளராமலும் செய்யும். ஆகவே மறுநாள் காலை செத்த பூச்சிகளை எண்ணிப் பார்த்து ஏமாற்றமடைதல் தவறு.

இனி வீட்டுக்குள் வருவோம். பண்டத்தில் விழும் வண்டுகளுள் பயறு வண்டைப் பற்றி ஒரு தப்பெண்ணம் நிலவுகிறது. குதிரிலோ டப்பாவிலோதான் அது உண்டாகிறதென்பது. உண்மையில் வயலில் நெற்று முற்றும்போதே வண்டு முட்டையிடத் தொடங்குகிறது. உளுந்து, காராமணி ஆகியவற்றின் தோல்மேல் வெள்ளைப் புள்ளியாய் ஒட்டிக்கொண்டிருப்பது அதன் முட்டை. அறுவடையானதும் நன்றாய் வெயிலில் காயவைத்து, பல்லால் கடித்தால் உடையும் பதம் வந்தபின், விதைக்கு வைக்கும் பயறில் கிலோவுக்கு 5 முதல் 10 மில்லி வரை வேர்க்கடலை எண்ணெயோ விளக்கெண்ணெயோ பிசறி வைத்தால் முட்டை பொரிவதில்லை. உடைத்த பருப்பில் இவ்வண்டு பெருகுவது அரிதாகையால், சாப்பாட்டுக்கென்று வைப்பதை உடைத்தே வைப்பது மேல். அரிசியிலும் நெல்லிலும் விழும் கூன்மூக்கு வண்டு வேறு; அதன் புழு மணிக்குள்ளேயே வளர்வதால் சலித்துப் புடைத்தாலும் முழுதும் போகாது. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் துளையிட்ட குழாய் ஒன்றைச் செய்திருக்கின்றனர். அதைத் தானியத்தில் சொருகிவைத்தால், காற்றை நாடும் வண்டுகள் துளை வழியே புகுந்து அடியிலுள்ள கூம்பில் விழும். தினமும் கொட்டி எண்ணிவந்தால், பூச்சி பெருகுகிறதா குறைகிறதா என்பதும் விளங்கும்.

தானியத்துக்கென்று சிலர் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை எப்படியோ வாங்கி வீட்டில் வைக்கின்றனர். இதைப்பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்லவேண்டும். இம்மாத்திரை காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்ததும் பாஸ்பீன் என்னும் விஷவாயுவை வெளிவிடும். மூட்டைக்கு வைத்த வாயு கதவிடுக்கு வழியே அடுத்த அறைக்குப் பரவித் தூங்குவோரைக் கொல்லவல்லது. இவ்விஷத்துக்கு மாற்று மருந்து இல்லை. பயிற்சியும் அனுமதியும் பெற்றவர்களைத் தவிர வேறெவரும் இதைக் கையாளச் சட்டம் இடந்தருவதில்லை. குடும்பம் வசிக்கும் கூரையின்கீழ் இதற்கு இடமே இல்லை.

பழைய பழக்கத்தால் எறும்புக்கும் கரப்பானுக்கும் "கமாக்சின் பொடி" என்று கடையில் கேட்போர் உண்டு. அப்பெயரில் விற்ற பி.எச்.சி. என்னும் நஞ்சு இந்தியாவில் 1997ஆம் ஆண்டில் தடை செய்யப்பட்டது. டி.டி.டி.யைப் பயிருக்குப் பயன்படுத்துதல் 1989ஆம் ஆண்டிலேயே விலக்கப்பட்டது. மோனோகுரோட்டோபாஸைக் காய்கறியில் தெளிப்பது 2005ஆம் ஆண்டு முதல் குற்றம். பெயரில்லாத பொட்டலத்தில் எவரேனும் எதையேனும் கொடுத்தால் வாங்காதிருத்தலே உத்தமம். பயிருக்கு உரிய நஞ்சைச் சாராயப் புட்டியிலோ குளிர்பானப் புட்டியிலோ மாற்றி வைப்பது பேராபத்து. தாகமெடுத்த பிள்ளைக்குப் புட்டியின் வடிவம்தான் தெரியும், அதனுள் இருப்பது தெரியாது. கரப்பானுக்குச் சமையலறை ஈரத்தையும் எச்சிலையும் இரவில் ஒழித்து, சாக்கடை வாயில் வலையிட்டு, அலமாரியின் பின்புறத்தில் ஒட்டியிருக்கும் அவரைவிதை போன்ற முட்டைப்பெட்டிகளைச் சுரண்டி எரித்தால் பாதி வேலை முடிந்தது.

கறையானை எறும்பென்று எண்ணி எறும்புப்பொடி தூவுவதும் வீண். மழைக்குப் பின் விளக்கைச் சுற்றும் ஈசலைப் பிடித்துப் பார்த்தால் நான்கு சிறகும் ஒரே நீளம், இடுப்பு ஒடுங்கியிராது. சிறகுள்ள எறும்புக்கோ முன்சிறகு நீளம், பின்சிறகு குட்டை, இடுப்பு நூலிழை. வீட்டுக்குள்ளேயிருந்து ஈசல் புறப்பட்டால் நிலைக்கதவையும் உத்திரத்தையும் தட்டிப் பார்த்தல் அவசியம். விறகையும் மட்டையையும் சுவரில் சாய்த்து அடுக்கும் வழக்கத்தை விட்டால், கறையானுக்கு மண்ணிலிருந்து மரத்துக்கு ஏறும் பாலம் இராது.

கொசுவில் மூன்று இனங்களை விவசாயிகள் அறிந்திருத்தல் போதும். கால்களில் வெள்ளை வளையங்களோடு பகலில் கடிப்பது ஏடிஸ். டெங்குக் காய்ச்சலைப் பரப்புவது. வீட்டில் சேர்த்து வைத்த நல்ல தண்ணீரிலும், கொட்டாங்கச்சியிலும், ஆட்டுக்கல் குழியிலும், பழைய டயரிலும் முட்டையிடும். வாலை உயர்த்திச் சாய்வாய் உட்காருவது அனாபிலிஸ், மலேரியாவுக்குக் காரணம். சாக்கடையில் பெருகி இரவில் கடிப்பது கியூலெக்ஸ். யானைக்கால் நோய்க்குக் காரணம். புதுவையிலுள்ள நோய்ப்பரப்பிகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தார் 1981ஆம் ஆண்டு முதல் 1985ஆம் ஆண்டு வரை புதுவை நகரில் சாக்கடைகளைச் சீர்செய்தும், தேங்கும் நீரை நீக்கியும், மீன்களை விட்டும் யானைக்கால் கொசுவைக் குறைத்துக் காட்டினர். மருந்து தெளிப்பை அவர்கள் முதன்மையாகக் கொள்ளவில்லை. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து வெளிப்பட்டுப் பறப்பதற்கு ஒரு வாரம் பிடிக்கும். ஆகவே வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு தவலை, தொட்டி, குடம் யாவற்றையும் கொட்டிவிட்டு, உட்புறத்தைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்தல் வேண்டும். கொட்டினால் மட்டும் போதாது. முட்டைகள் பாத்திரத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும், மறுபடி நீர் பட்டதும் பொரிக்கும். உழவர்கரை நகராட்சிக்கு உட்பட்ட காலாப்பட்டில் இளநீர்க் கடைகளின் பின்னே குவியும் கூடுகளை அப்புறப்படுத்துவது நகராட்சி ஊழியர் கவனிக்கவேண்டிய காரியம். வண்டுக்கும் கொசுவுக்கும் அது ஒருங்கே இடங்கொடுக்கிறது.

இன்ன பூச்சியென்று தெளியாதபோது உழவர் உதவியகத்துக்குப் பூச்சியையே கொண்டுவருதல் நலம். புழுவாயின் உயிரோடு, அது தின்ற இலையையும் சேர்த்து, மூடியில் ஊசித்துளையிட்ட கண்ணாடிப் புட்டியில் கொணரலாம். வண்டாயின் துடைத்த புட்டியில் காகிதத் துண்டோடு இட்டால் போதும். மாவுப்பூச்சியும் வெள்ளை ஈயும் கையால் தொட்டால் சிதைந்துபோகும். இலையோடு வெட்டிச் செய்தித்தாளில் மடித்துக் கட்டவேண்டும், பிளாஸ்டிக் பையில் அடைத்தால் வியர்த்து அழுகிவிடும். எந்நாளில், எந்தச் செடியில், எத்தனை மரங்களில் கண்டதென்பதையும், அதற்குமுன் என்ன தெளிக்கப்பட்டதென்பதையும் ஒரு சீட்டில் எழுதிப் புட்டியோடு கட்டி அனுப்புதல் வேண்டும்.